எட்டரை லட்சத்துக்கு சிடி பிளேயர்: லென்ஸ் போனால் யாரிடம் போவது?

எழுவான்கரை | கல்லடி

வணக்கம் எல்லோருக்கும். இங்கே நான் வாசிப்பதுதான் அதிகம், எழுதுவது குறைவு. இந்தத் தடவை முடிவெடுக்க முடியாமல் வந்திருக்கிறேன்.

வீட்டில் ஏறக்குறைய அறுநூறு சிடி இருக்கின்றன. முதலாவதை 1991இல் கொழும்பில் வாங்கினேன், அப்போது அதைக் கேட்க ஒரு பிளேயர்கூட இல்லை. சுனாமியில் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் சேற்றுக்குள் போனது. கிடைத்தவற்றைக் கழுவி வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவைத்தோம். அட்டைகள் போய்விட்டன. பென்சிலால் பெயர் எழுதிய கடதாசி உறைகளில்தான் இருக்கின்றன, ஆனால் முக்கால்வாசி இன்னும் பாடுகின்றன. ஆகவே "எல்லாம் போனிலேயே இருக்கிறதே" என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது வைத்திருப்பது 1998இல் வாங்கிய ஜப்பான் பிளேயர், நடுத்தர விலை. இரண்டு முறை லென்ஸ் மாற்றியாயிற்று. மறுபடியும் அதே வியாதி. முதல் ஐந்தாறு பாட்டு சுத்தமாகப் போகும், கடைசிப் பாட்டுகளில் தடக்கும். மூன்று வருடமாக நான் ஒரு கச்சேரியிலும் மங்களம் கேட்டதில்லை.

சுவிஸில் இருக்கிற அத்தான் ஆகஸ்டில் வருகிறார், கையோடு கொண்டுவரலாம் என்கிறார். பார்த்து வைத்திருப்பது ஐரோப்பாவில் ஒரு சின்னக் கம்பனியின் பிளேயர். மொத்தமே நான்கைந்து பேர் வேலை செய்கிறார்கள், தொடங்கிப் பத்து வருடம் இருக்கும். மேலே மூடியைத் தூக்கி சிடியை வைக்கும் வகை. விலை 2,800 டொலர், இன்றைய கணக்கில் எட்டரை லட்சம் ரூபா. முன்பு அங்கே போயிருந்தபோது ஒரு கடையில் அரை மணி நேரம் கேட்டேன். வயலின் வில் தந்தியைத் தொடுகிற அந்தக் கணத்தில் ஒரு சின்ன உராய்வு இருக்குமே, அது கேட்டது. என்னிடம் இருக்கிற அதே சிடிதான், வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

கம்பனிப் பெயரைப் போடவில்லை. போட்டால் இழை முழுவதும் அந்தப் பெயரிலேயே அடிபடும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இலங்கையில் முகவர் இல்லை, வாரண்டி மூன்று வருடம், பழுதானால் என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து வருடத்தில் அவர்கள் இருப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாது. வாங்கலாமா?


கோட்டைமுனை | மட்டக்களப்பு

வீட்டில் சொல்லியாயிற்றா? நிச்சயமில்லாத சப்போர்ட் என்றால் முதலில் அதுதான்.


எழுவான்கரை | கல்லடி

சொன்னேன். "அந்தக் காசுக்குக் கூரை ஓடு முழுக்க மாற்றலாம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் பேச்சில்லை.


தம்பிலுவில்_23 | தம்பிலுவில்

அண்ணன், பொறுக்கச் சொன்னாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அறுநூறு சிடியையும் கணினியில் ஏற்றி எஃப்எல்ஏசியாக, அதாவது தரம் குறையாமல் சுருக்குகிற கோப்பாக, வைத்தால் ஒன்று முந்நூறு, நானூறு எம்பிதான் வரும். எல்லாம் சேர்த்தாலும் 250 ஜிபிக்குள் அடங்கிவிடும். தரத்தில் ஒரு பிட்கூடக் குறையாது. எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி போன்ற மென்பொருள், நீங்கள் எடுத்த பிரதியை உலகத்தில் மற்றவர்கள் அதே சிடியில் எடுத்த பிரதிகளோடு ஒப்பிட்டு, சரியா பிழையா என்றும் சொல்லிவிடும். சேற்றில் கிடந்த சிடிகளுக்கு இன்னும் நல்லது, ஏனென்றால் கணினியின் டிரைவ் வாசிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். பிளேயருக்கு அந்த நேரம் கிடையாது, பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டரை லட்சத்தில் ஒரு லட்சத்தைச் செலவழித்தாலே ஒரு நல்ல டெக் வந்துவிடும். சிடியில் உள்ள எண்களை ஒலியாக மாற்றுகிற பெட்டியைச் சொல்கிறேன், கசட் டெக் இல்லை.


எழுவான்கரை | கல்லடி

தம்பி, இருநூறு சிடி ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறேன். மகள் செய்து தந்தாள். நடப்பது என்னவென்றால், திரையில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விடும். ஒன்றைத் தொடங்கி, பாதியில் அடுத்ததுக்குத் தாவி, கடைசியில் ஒன்றையும் கேளாமல் படுக்கப் போவேன். பிரதி எடுத்து வைப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது சிடியில்தான்.


ஈயப்பற்று | கல்முனை

இந்த இழையில் எல்லோரும் கம்பனியைப் பற்றியே கதைக்கிறீர்கள். ஹெட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முப்பது வருடமாக ரேடியோ, கசட் டெக், சிடி என்று திருத்துகிறவன் நான். இப்போது கடையை மூடிவிட்டேன், மேசை மட்டும் வீட்டில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் "லென்ஸ் போய்விட்டது" என்கிறோம். போவது கண்ணாடி இல்லை. லேசர் டயோட், அதன் மேலே உள்ள பிளாஸ்டிக் லென்ஸ், அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்கிற இரண்டு சின்னச் சுருள்கள், திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கிற கண், இவை எல்லாம் சேர்ந்த ஒரே துண்டுதான் ஹெட். சிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோன். நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றில் தொடங்கி இருநூறு சுற்றில் முடிகிற தட்டில், அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இதைச் செய்கிற துண்டை வீட்டுப் பட்டறையில் யாரும் செய்ய முடியாது. நான்கு பேர் உள்ள கம்பனியாலும் முடியாது, நாற்பது பேர் உள்ள கம்பனியாலும் முடியாது.

ஆகவே விலை கூடிய பிளேயர்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஹெட்டையோ, சிடியைச் சுற்றி வாசிக்கிற முழு இயந்திரத்தையோ வெளியில் வாங்கித்தான் போடுகின்றன. சோனி, பிலிப்ஸ், சான்யோ, இந்த மூன்று பெயர்தான் பெரும்பாலும். ஐந்து லட்சம் பெறுமதியான பெட்டியைத் திறந்தால், உள்ளே சாதாரண மினி செட்டில் இருக்கிற அதே சான்யோ ஹெட் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து உரிமையாளர் ஏமாந்தது போல முகத்தை வைத்துக்கொண்டார். நான் சொன்னேன், இது உங்கள் அதிர்ஷ்டம் என்று. அந்த ஹெட் இப்போதும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிறது.

மறுபக்கம், பிலிப்ஸின் சிடி-ப்ரோ2 என்று ஒரு இயந்திரம். முழுக்க உலோகத் தளம், அருமையான சாமான். ஐரோப்பாவில் மேல்மூடி வகையில் பெரிய விலைக்கு விற்ற எத்தனையோ பிளேயர்களில் அதுதான் இருந்தது. பிலிப்ஸ் அதை நிறுத்தியபோது ஒரே நேரத்தில் பல கம்பனிகளின் கால் இழுபட்டது. கையிருப்பு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். இல்லாதவர்களின் பிளேயர்களுக்கு ஒரு இயந்திரம் தேடினால் இன்றைக்கு அதன் விலையே ஒரு நல்ல புது பிளேயரின் விலை. கம்பனி உயிரோடுதான் இருக்கிறது, வாடிக்கையாளர் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறார்கள், ஆனால் போடச் சாமான் இல்லை. அப்படிப்பட்ட சப்போர்ட் எதற்கு?

அதனால் அந்தக் கம்பனிக்கு எழுதிக் கேளுங்கள். ஒன்று, உள்ளே இருக்கிற இயந்திரம் யாருடையது, அதன் இலக்கம் என்ன. இரண்டு, ஒரு உதிரி ஹெட்டை இப்போதே காசு கொடுத்துச் சேர்த்து வாங்க முடியுமா. "வருடக்கணக்கில் சப்போர்ட் உண்டு" என்று யாரும் எழுதுவார்கள். இலக்கத்தை எழுதச் சொன்னால்தான் விஷயம் தெரியும்.


மருதமுனை_பாவு | மருதமுனை

ஈயப்பற்று காக்கா சொல்வதற்கு நானே சாட்சி, இரண்டு பக்கமும்.

2009இல் தோஹாவில் வேலை செய்தபோது ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய பிளேயர் ஒன்றை வாங்கினேன். அந்தக் கம்பனி இப்போது இல்லை. இணையத்தளம்கூட இல்லை, அந்த முகவரியில் வேறு ஏதோ வியாபாரம் ஓடுகிறது. அதை வாங்கியபோது என்னைப் பைத்தியம் என்றார்கள். பதினாறு வருடமாகப் பாடுகிறது. ஏன் என்றால் உள்ளே எஸ்எஃப்-பி101என், அதே சான்யோ ஹெட். ஒரு தரம் மாற்றினேன். கவனம், அதில் 15 பின், 16 பின் என்று இரண்டு வகை உண்டு. நான் முதலில் பிழையானதைத்தான் எடுப்பித்தேன்.

ஆனால் ஹெட் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 தொடக்கத்தில் உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டு போர்ட் செத்தது. அதில் உள்ள சின்ன சிப்புக்குள் கம்பனி எழுதிய புரோகிராம் இருக்கிறது. வெறும் சிப் வாங்கலாம், புரோகிராமுக்கு எங்கே போவது? அது டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டி ஓடிய காலம், பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டிய காலம். சாமான் வரவழைப்பதைப் பற்றி யோசிக்கவே வெட்கமாக இருந்தது. பதினொரு மாதம் பெட்டி வெறுமனே கிடந்தது. மறுகா, கொழும்பில் ஒருவர் அதே மாடலை ஹெட் போனதென்று விற்கப் போட்டிருந்தார். செத்ததை வாங்கிச் சாகப்போனதற்கு உயிர் கொடுத்தேன். இப்போது என் பெட்டியில் பாதி அதனுடையது.

உம்மா கேட்டா, "இது யாருடைய பெட்டி?" என்று. எனக்கும் தெரியாது.


தம்பிலுவில்_23 | தம்பிலுவில்

இதைத்தான் சொல்கிறேன். இவ்வளவு வேலையும் எதற்கு?


மருதமுனை_பாவு | மருதமுனை

தம்பி, பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவரிடம் போய் பஸ் இருக்கிறதே என்று சொல்வீர்களா?


படுவான்_டொரொன்டோ

ஊர்ப்பக்கம் இழை ஓடுவதைப் பார்த்து வந்தேன். ஒரு சின்னத் திருத்தம். சின்னக் கம்பனி ஆபத்து, பெரிய கம்பனி பாதுகாப்பு என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை.

ஒன்கியோ எவ்வளவு பெரிய பெயர்? 2022 மேயில் ஒசாகாவில் வங்குரோத்து. பெயரை வேறு ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள், அதனால் ஒன்கியோ என்று எழுதிய பெட்டி இப்போதும் கடையில் இருக்கிறது. ஒப்போ டிஜிட்டல், போன் விற்கிறவர்கள் இல்லை, பிளேயர் செய்தவர்கள், 2018 ஏப்ரலில் இனிப் புதிதாக ஒன்றும் செய்ய மாட்டோம் என்று அறிவித்தது. ஆனால் விற்ற சாமானுக்கு வாரண்டியும் திருத்தமும் தொடரும் என்று அப்போதே சொல்லி, மரியாதையாக விலகினார்கள். ஸ்கொட்லாந்தின் லின், சிடி பிளேயருக்கே பெயர் போன கம்பனி, 2009இல் இனி சிடி பிளேயர் இல்லை என்றது. கம்பனி இன்றும் நன்றாக நடக்கிறது, நிறுத்தியது அந்தப் பொருளை.

மரான்ட்ஸ், டெனொன் இரண்டும் 2002இல் ஒன்று சேர்ந்தன. 2017இல் சவுண்ட் யுனைட்டெட் வாங்கியது, 2022இல் அதை மசிமோ என்ற மருத்துவக் கருவிக் கம்பனி வாங்கியது, 2025இல் ஹார்மன் கைக்குப் போனது. ஹார்மன் சாம்சுங்குடையது. முகப்பில் உள்ள எழுத்து மாறவே இல்லை, சம்பளம் கொடுப்பவர்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். இதில் யாருடைய வாக்கை நம்புவது?

இன்னொன்று. யாருடைய பிழையும் இல்லாமலும் நடக்கும். 2020 ஒக்டோபரில் ஜப்பானின் நொபெயொகாவில் ஏகேஎம் என்ற கம்பனியின் சிப் தொழிற்சாலை எரிந்தது. எத்தனையோ நல்ல டெக்குகளில் அவர்கள் சிப்தான் இருந்தது. ஒரே இரவில் சின்னவர், பெரியவர் எல்லோரும் வேறு சிப்புக்கு வடிவத்தை மாற்றத் தொடங்கினார்கள். சிலர் அந்த மாடலையே விட்டுவிட்டார்கள்.


எழுவான்கரை | கல்லடி

எல்லோருக்கும் நன்றி. ஈயப்பற்று அண்ணன் சொன்னபடி கம்பனிக்கு எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது, உரிமையாளரே எழுதியிருந்தார், நல்ல மரியாதையாக. சாரம் இது.

இயந்திரம் ஒஸ்திரியாவில் வாங்குகிறார்களாம், மாடல் இலக்கம் வியாபார இரகசியமாம். தங்கள் பிளேயர்களுக்குப் போதுமான அளவு கையிருப்பு இருக்கிறதாம். உதிரி ஹெட்டைத் தனியாக விற்பதில்லை, பொருத்திய பிறகு அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதால் பெட்டி அங்கே வர வேண்டுமாம். நான் எந்த நாடு என்று பார்த்துவிட்டு, "அழகான தீவு" என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது. அதுதான் சிக்கல்.


ஈயப்பற்று | கல்முனை

அவர் பொய் சொல்லவில்லை. ஹெட் போட்டபின் சில இயந்திரங்களில் அளவு பார்க்கத்தான் வேண்டும். இயந்திரமும் நல்லதாகத்தான் இருக்கும். வியன்னாவில் முன்னாள் பிலிப்ஸ் ஆட்கள் தொடங்கிய ஸ்ட்ரீம்அன்லிமிடெட் என்ற கம்பனி செய்கிற இயந்திரத்தைத்தான் பல பேர் இப்போது போடுகிறார்கள், இவரும் அப்படியாக இருக்கலாம்.

ஆனால் "போதுமான அளவு" என்பது ஒரு எண் இல்லை. நானூறு பெட்டி விற்றுவிட்டு முப்பது ஹெட் வைத்திருந்தாலும் அதைப் போதும் என்று சொல்லலாம், இருபது பேர்தான் திரும்பி வருவார்கள் என்று நினைத்தால். இலக்கத்தை மறைக்கிறவர், தான் இல்லாத காலத்தில் என்னைப் போன்ற ஒருவன் அந்தப் பெட்டியைத் திருத்தக்கூடாது என்று சேர்த்தே முடிவெடுக்கிறார். அவருக்கு அந்த எண்ணம் இல்லாமல் இருக்கலாம். நடப்பது அதுதான்.

சூரிச்சில் இருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை, காரில் ஏற்றிக்கொண்டு போவார். கல்லடியில் இருக்கிறவருக்கு? ஒன்பது கிலோப் பெட்டி, அனுப்பும் செலவு, திரும்பி வரும் செலவு, நடுவில் தாள்வேலை, வழியில் யாராவது போட்டு உடைத்தால் அதுவும். மூன்று வருட வாரண்டி அங்கே மூன்று வருடம். இங்கே அது ஒரு தடவை அனுப்பத் துணிகிற அளவு மட்டும்தான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?


எழுவான்கரை | கல்லடி

அறுநூறு மீற்றர் இருக்கும். இரவில் அலை கேட்கும்.


ஈயப்பற்று | கல்முனை

அதுதான். மாரியில் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவரும், கச்சான் காற்றில் தரைப்பக்கத்துத் தூசி வரும். வருடத்தில் ஒரு காலமும் ஹெட்டுக்கு நிம்மதி இல்லை. இங்கே நான் திறந்து பார்த்த பெட்டிகளில், ரிபன் கேபிள் செருகும் இடத்தில் பச்சை பூத்திருப்பதும், லென்ஸில் மங்கல் படிந்திருப்பதும் சாதாரணம். ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்து, செருகியை இரண்டு தடவை கழற்றி மாட்டினால் பாதிப் பேருக்கு ஹெட்டே மாற்ற வேண்டியதில்லை. மேல்மூடி வகையில் மூடியைத் திறந்தால் லென்ஸ் நேரே தெரியும், துடைக்க லேசு, தூசி விழவும் லேசு. பூட்டி வைக்கிற பழக்கம் இருந்தால் அது நல்ல வகைதான்.

இப்போது உங்கள் பழைய பிளேயரைப் பற்றி. முதல் தடவை வாசித்தபோதே கேட்க நினைத்தேன். முதல் பாட்டுகள் சுத்தம், கடைசிப் பாட்டுகள் தடக்கு என்றீர்கள். சிடியில் பாட்டு உள் விளிம்பில் தொடங்கி வெளி விளிம்புக்குப் போகும். டயோட் சோர்ந்துபோனால் அது முதலில் தொடக்கத்திலேயே தெரியும். சிடியைப் போட்டதும் பாட்டு எண்ணிக்கை வராது, வீட்டில் எழுதிய சிடி-ஆர் படிக்காது. வெளி விளிம்பில் மட்டும் தடக்குகிறது என்றால் எனக்கு ஹெட்டில் சந்தேகம் குறைவு. ஹெட் ஓடுகிற தண்டில் கிரீஸ் இறுகியிருக்கலாம், பல்சக்கரத்தில் ஒரு பல் வெடித்திருக்கலாம். இருபத்தேழு வருடக் கிரீஸ் மெழுகு மாதிரி ஆகிவிடும்.

மாற்றிய பழைய ஹெட்டுகளைக் கடையில் திருப்பித் தந்தார்களா?


எழுவான்கரை | கல்லடி

ஒன்று லாச்சியில் கிடக்கிறது. மற்றது அவர்களே வைத்துக்கொண்டார்கள். கடையைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.


கோட்டைமுனை | மட்டக்களப்பு

சொல்லாமலே விளங்குது.


தம்பிலுவில்_23 | தம்பிலுவில்

ஒரு யோசனை. அண்ணனுக்குப் பிடித்த அந்த உராய்வுச் சத்தம் ஹெட்டிலிருந்து வருவதில்லை. டெக்கிலும் அதற்குப் பின்னால் உள்ள அனலொக் பகுதியிலும் இருந்து வருகிறது. அந்தக் கம்பனி டெக்கைத் தனியாக விற்றால் அதை மட்டும் வாங்கலாமே? அசைகிற பாகம் ஒன்றும் இல்லை. சிடியை வாசிக்க உங்கள் பழையதே போதும், பின்னால், வாசித்த எண்களை அப்படியே வெளியே தருகிற டிஜிட்டல் அவுட் இருந்தால். லென்ஸ் மறுபடியும் போனால் எந்தப் பெட்டியையும் வாசிக்க வைக்கலாம், டெக் அப்படியே இருக்கும்.


ஈயப்பற்று | கல்முனை

தம்பி இப்போதுதான் உருப்படியாக ஒன்று சொல்கிறார். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரே பெட்டியாக வாங்கினாலும், பின்னால் டிஜிட்டல் இன் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் ஹெட் செத்தாலும் எட்டரை லட்சம் சாகாது, வேறு ஏதாவது ஒன்றை அதில் செருகி டெக்காகப் பாவிக்கலாம். அந்த ஓட்டை இல்லாத விலை கூடிய சிடி பிளேயரை, அதுவும் முகவர் இல்லாத ஊரில், நான் ஓசியில் தந்தாலும் யோசிப்பேன்.


மருதமுனை_பாவு | மருதமுனை

காக்கா, ஓசியில் வந்தால் எனக்குத் தாருங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உச்ச விலைப் பிளேயர்களில் சிடியை முழுத்தட்டாலும் அழுத்திப் பிடிக்கிற இயந்திரங்கள் உண்டே, டீயாக்கின் விஆர்டிஎஸ் மாதிரி. அதெல்லாம் வெறும் காட்சியா? வாசித்த எண் ஒன்றுதான் என்றால் அவ்வளவு பாரம் எதற்கு?


ஈயப்பற்று | கல்முனை

காட்சி என்று சொல்ல மாட்டேன். சிடியில் பிழை திருத்தும் கணக்கு ஒன்று எழுதியே இருக்கிறது, தடத்தின் நீளத்தில் இரண்டரை மில்லிமீற்றர் வரை தொடர்ச்சியாக அழிந்துபோனாலும் அதை முழுதாக மீட்டுவிடும். ஆகவே எண் என்று பார்த்தால் ஒரு நல்ல சிடியில் மலிவு இயந்திரமும் அதையேதான் தரும். ஆனால் கோணிய தட்டில், கீறல் விழுந்த தட்டில், பாரமான இயந்திரம் திணறாமல் போகும், அதைப் பார்த்திருக்கிறேன். டீயாக்கின் நல்ல விஷயம் வேறு. அந்த இயந்திரத்தை அவர்களே செய்கிறார்கள். எனக்குக் காசு இருந்தால், அப்படி இயந்திரம் செய்கிற வீட்டில் வாங்குவேன்.


தம்பிலுவில்_23 | தம்பிலுவில்

ஜப்பானிலிருந்து பழையதாக வரவழைத்தால் மலிவு. ஆனால் அது 100 வோல்ட், நேரே 230இல் செருகினால் அன்றைக்கே முடிந்தது. குறைக்கிற டிரான்ஸ்போமர் வேண்டும்.


ஈயப்பற்று | கல்முனை

ஓம். அது ஒரு பாரமான பெட்டி, மலிவாக வாங்கினால் இரவில் முனகும். மெதுவான ஆலாபனையில் அது மட்டும்தான் கேட்கும்.


படுவான்_டொரொன்டோ

உதிரி ஹெட் வாங்கி வைப்பவர்களுக்கு ஒரு கேள்வி. வைத்தால் கெடாதா? நான் சோனியின் கேஎஸ்எஸ்-213 ஹெட் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.


ஈயப்பற்று | கல்முனை

ஓடாத டயோட் தேயாது. வந்த பையிலேயே, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கனடாவில் பயமில்லை, இங்கே இருப்பவர்கள் கட்டாயம். 213இல் போலிகள் நிறைய, இரண்டு வாங்கினால் ஒன்று சரியாக இருக்கும் என்ற கணக்கில் வாங்குவதுதான் வழக்கம். பூட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். புது ஹெட்டின் சின்ன போர்டில் நிலைமின்னுக்குக் காவலாக ஒரு துளி ஈயம் வைத்திருப்பார்கள். அதை உருக்கி எடுக்காமல் பூட்டினால் லேசர் எரியவே எரியாது. "புது ஹெட்டும் பழுது" என்று எத்தனை பேர் எறிந்திருக்கிறார்களோ.


எழுவான்கரை | கல்லடி

இரண்டு கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நடந்ததை எழுதுகிறேன். போன ஞாயிறு பிளேயரைத் துவாயில் சுற்றி, லாச்சியில் கிடந்த பழைய ஹெட்டையும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்தபடி கல்முனைக்குப் போனேன். கண்டக்டர் பேர்ட்டிக்கு கேக்கா என்று கேட்டார். அண்ணன் மேசையில் மூடியைக் கழற்றி, தண்டைத் துடைத்த பஞ்சைக் காட்டினார். கறுத்த தேன் மாதிரி இருந்தது. பல்சக்கரத்தில் பிழை இல்லை. புதுக் கிரீஸ் ஒரு துளி, செருகிகள் சுத்தம், தட்டு வெளியே வரும் ரப்பர் பெல்ட் ஒன்று. ஆயிரத்து எண்ணூறு ரூபா வாங்கினார், அதுவும் நான் வற்புறுத்தித்தான். லாச்சி ஹெட்டையும் அரை மணி நேரம் மாட்டிப் பார்த்தார். அது நன்றாக இருக்கிறது. ஒருபோதும் போகவே இல்லை. அந்தக் கதையை விடுவோம்.

அன்றிரவு ஒரு குழல் கச்சேரி போட்டேன். சேற்றில் கிடந்து வந்தது, உறையில் மகளின் சின்ன வயது எழுத்து. கடைசிவரை போனது. மங்களம் முடிந்து கைதட்டலும் வந்தது. எனக்குக் கைதட்டல் அந்த சிடியில் இருப்பதே மறந்துபோயிருந்தது.

ஐரோப்பியருக்கு மறுபடி எழுதிக் கேட்டேன், டெக் மட்டும் தருவீர்களா என்று. இருக்கிறதாம், 1,100 டொலர். உள்ளே எந்த சிப் என்று கேட்டேன், அதை ஒளிக்காமல் சொன்னார். மின்சுற்று வரைபடம் தருவீர்களா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அத்தானுக்கு நாள் இருக்கிறது.


மருதமுனை_பாவு | மருதமுனை

பெரிய பிளேயர் வேண்டாம் என்று முடிவா?


எழுவான்கரை | கல்லடி

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வயலின் இன்னும் காதில் இருக்கிறது. இலக்கத்தைச் சொல்லியிருந்தால் கூரை ஓடுகளைப் பற்றி வீட்டில் இன்னொரு தடவை கதைத்துப் பார்த்திருப்பேன்.


கோட்டைமுனை | மட்டக்களப்பு

ஓடு என்னவாயிற்று?


எழுவான்கரை | கல்லடி

மாரிக்கு முன்னம் மாற்றுகிறோம். ஏறாவூரில் விலை கேட்டிருக்கிறோம்.


ஈயப்பற்று | கல்முனை

எழுவான்கரை, உங்கள் பிளேயர் மூடியின் ஸ்குரூ ஒன்று என் மேசையில் கிடக்கிறது, பின்பக்கத்து வலது மூலை. பெட்டி பாடும், ஆனால் தூசி போகும். கல்முனைப் பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள்.